ரொட்டியில் இருந்தும் உடலில் சேராத உலோகம்

1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் மருத்துவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு வயது 21. பார்த்தால் பத்து வயதுப் பையன். மீசை அரும்பவில்லை, பிறப்புறுப்பு சிறுவனுடையதாகவே இருந்தது, கடுமையான ரத்தசோகை வேறு. பீகாரில் பிறந்து அமெரிக்கா போய், அங்கிருந்து ஷிராஸுக்கு வந்திருந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், அந்த இளைஞர் என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தார். புளிக்காத மாவில் சுட்ட கோதுமை ரொட்டி, கூடவே களிமண். இறைச்சி கிடையாது. சுற்றுவட்டாரத்தில் இப்படி இன்னும் பலர் இருந்தார்கள்.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணம் என்பது புரிந்தது. பருவம் ஏன் வரவில்லை? துத்தநாகம் கிடைக்காத எலிகள் வளராது என்பது 1934-லேயே தெரியும். மனிதருக்கு அந்தக் குறை வரவே வராது என்றுதான் மருத்துவ உலகம் நம்பியது. பிரசாத் நம்பவில்லை. அடுத்து எகிப்துக்குப் போனார்; அதே நிலையில் இருந்த இளைஞர்களின் ரத்தத்தில் துத்தநாகம் குறைந்திருப்பதைக் காட்டினார். பிறகு துத்தநாகம் கொடுத்தார். 12 முதல் 24 வாரங்களுக்குள் பிறப்புறுப்பு இயல்பான வளர்ச்சியை எட்டியது, உயரமும் கூடியது. வருடக்கணக்கில் நின்றுபோயிருந்த பருவம், தினமும் சில மில்லிகிராம் உலோகம் கிடைத்ததும் வந்து சேர்ந்ததை நினைக்க நினைக்க வியப்பு தீரவில்லை.

கோதுமையில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பற்றிக்கொண்டு, குடல் உறிஞ்ச முடியாதபடி செய்துவிடுகிறது. மாவு புளித்தால் ஃபைட்டேட் சிதையும். ஷிராஸ் இளைஞர் சாப்பிட்ட ரொட்டி புளிக்காதது. களிமண்ணும் துத்தநாகத்தைப் பிடித்து வைக்கக்கூடியது.

ஆண் உடலில் துத்தநாகம் மிகச் செறிவாக இருக்கும் இடங்களில் புராஸ்டேட் சுரப்பியும் ஒன்று. விந்துத் திரவத்தில் துத்தநாகத்தின் அளவு ரத்தத்தில் உள்ளதைப்போலப் பல மடங்கு. விந்தணுவின் தலைக்குள் மரபுப்பொருள் மிக இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு குலையாமல் இருக்கத் துத்தநாகம் உதவுகிறது. விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கவும் அது வேண்டும். பிரசாத்தின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் சிலர் 20 வாரம் துத்தநாகம் குறைந்த உணவை உண்டார்கள். அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 39.9 நானோமோலிலிருந்து 10.6-க்கு இறங்கியது.

இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடவேண்டாம். குழந்தைப்பேற்றுக்குச் சிகிச்சை நாடிய 2,370 தம்பதியரிடம் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2020-இல் வெளிவந்தது. ஆண்களில் ஒரு பிரிவினர் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகத்தை ஃபோலிக் அமிலத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு விந்தணுவின் தரமும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. ஷிராஸ் இளைஞரிடம் இருந்தது உண்மையான குறை. குறை இருக்கிறதா என்று தெரியாமலே மாதக்கணக்கில் அதிக அளவில் விழுங்கினால், துத்தநாகம் குடலில் தாமிரம் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, ரத்தசோகையில் கொண்டுவிடக்கூடும்.