தணல் பழுக்கும் வரை

அமெரிக்காவில் மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையான நினைவு தினத்துக்கும் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தினத்துக்கும் இடைப்பட்ட வேனிற்காலத்தில், வெள்ளிக்கிழமை மாலையிலேயே மக்களும் பேரக்குழந்தைகளும் ஏனைய பந்துக்களும் காரில் வந்து இறங்க, மறுநாள் அந்திப் பொழுதில் வீட்டுப் புழக்கடையிலே தணல் மூட்டி, கனத்த மாட்டிறைச்சித் துண்டங்களாகிய ஸ்டேக்கைச் சுட்டு எல்லோரும் கூடி உண்பது ஒரு குடும்ப சம்பிரதாயமாகவே வேரூன்றியிருக்கிறது. 1968-ல் இயற்றப்பட்டு 1971-ல் அமலுக்கு வந்த சட்டமொன்று, மே 30-ல் நிலைத்திருந்த நினைவு தினத்தைத் திங்கட்கிழமைக்கு மாற்றி மூன்று நாள் ஓய்வைச் சேர்ந்தாற்போல் அளித்ததும் இதற்கு அனுகூலமாயிற்று.

சாதனங்களும் காலத்தோடு வந்து சேர்ந்தன. ஹென்றி ஃபோர்டு, தம் மோட்டார் கார்களுக்காக மரம் அறுத்ததில் எஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் கரிக்கட்டிகளாக்கி 1920-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிகாகோவில் வெபர் சகோதரர்களின் உலோகத் தொழிற்சாலையிலிருந்த ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவைகளுக்கான அரைக்கோளங்களைக் கொண்டு, காற்றுக்கும் மழைக்கும் அஞ்சாத மூடியுள்ள உருண்டை அடுப்பொன்றை 1952-ல் அமைத்தார்.

ஆயினும் இவ்விருந்தின் ஜீவன் சாதனத்தில் இல்லை, காத்திருப்பதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒன்றரை அங்குலக் கனமுள்ள துண்டத்தின்மேல் உப்பைத் தூவினால், முதலில் உள்ளிருக்கும் நீர் வெளியே கசிந்து, பின்பு அவ்வுப்பைக் கரைத்துக்கொண்டு மெல்ல உள்ளேயே திரும்புமாதலால், குறைந்தது முக்கால் மணி நேரமாவது, இயன்றால் முந்தின இரவே, உப்பிட்டு வைத்தல் நலம். எரிவாயு அடுப்பு சௌகரியமானதுதான். ஆனால், கரி சாம்பல் பூத்துத் தணலாகப் பழுக்க ஆகும் அந்த அரைமணிப் பொழுதில், பெரியவர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு ஊர்க்கதை பேசவும், குழந்தைகள் மக்காச்சோளக் கதிரின் மடல்களை உரிக்கவும், கிருகஸ்தர் எல்லோரோடும் கலந்து நிற்கவும் ஏற்படும் அவகாசத்தை எரிவாயு தருவதில்லை.

தணலை அடுப்பின் ஒரு பாதியில் மாத்திரம் குவித்து மறு பாதியை வெறுமையாக விடுவது அனுபவஸ்தர்களின் முறை. புலால் உண்ணாத விருந்தினர் இருப்பின், இறைச்சி படுமுன்னரே காளானையும் கதிரையும் அவர்களுக்கென்று அடுப்புக் கம்பிகளில் வாட்டி எடுத்துவிடுதல் உபசாரத்தில் முதன்மையானது. பிறகு துண்டத்தைத் தணலற்ற பக்கத்தில் வைத்து மூடி, உட்புறம் நிதானமாக வெந்த பின்னர், தணலுக்கு நேர் மேலே நகர்த்தி இரு புறமும் சிவக்கச் சுட வேண்டும். உஷ்ணம் மிகும்போது புரதக் கூறுகளும் சர்க்கரையும் இணைந்து அந்தப் பழுப்பு நிறத்தையும் நறுமணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி மாயார் இந்த ரசாயன மாற்றத்தை 1912-ல் விவரித்தார். மேற்புறம் கருகச் சுட்டால் சாறு உள்ளே அடைபட்டுவிடும் என்று லீபிக் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பிய கொள்கை பிற்காலப் பரிசோதனைகளில் பொய்த்துவிட்டது. எனினும் அடுப்பருகே நின்று யோசனை சொல்லும் உறவினர் வாயில் அது இன்றும் வாழ்கிறது.

முழுத் துண்ட இறைச்சியின் மையம் 63 டிகிரி செல்சியஸை எட்டி, இறக்கிய பின் மூன்று நிமிஷமாவது ஆற வேண்டுமென்பது அந்நாட்டு விவசாய இலாகாவின் சிபாரிசு; உள்ளே செந்நிறம் மாறாமல் ஏறக்குறைய 55 டிகிரியிலேயே இறக்கச் சொல்லும் ரசிகர்களும் அநேகர் உண்டாயினும், முதியோரும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் அச்சிபாரிசை அனுசரிப்பதே உசிதம். இறக்கிய பிறகும் உள்ளே உஷ்ணம் சில டிகிரி ஏறுமாதலால், கண்ணை நம்பாமல் வெப்பமானியைக் குத்திப் பார்த்து, செந்நிறமாக வேண்டுவோருடையதை மட்டும் சற்று முன்னதாகவே எடுக்க வேண்டும். ஆகையால், நன்றாக வெந்ததை விரும்பும் தாத்தாவின் துண்டை முதலிலும், செந்நிறமாகக் கேட்கும் இளைஞர்களுடையதைக் கடைசியிலும் தணலுக்குக் கொடுத்து, ஒருவர் தட்டும் காத்திராமல் அனைவரும் ஏககாலத்தில் அமரும்படி கணக்கிட்டுக்கொள்வதே கிருகஸ்தருடைய சாமர்த்தியம்.