ஊல்ம் பெட்டியும் பிரெஞ்சு பால்கனியும்

பதினெட்டாம் நூற்றாண்டில் தெற்கு ஜெர்மனியின் ஊல்ம் நகரிலிருந்து டான்யூப் வழியாகப் புறப்பட்ட குடியானவக் குடும்பங்கள் போனது மரப்பெட்டி போன்றதொரு படகில். தட்டையான அடிப்பாகம், நடுவில் பலகைக் குடிசை, அவ்வளவுதான். ஊல்ம் பெட்டி என்றே அதற்குப் பெயர். வியன்னாவுக்கோ அதற்கும் கீழேயோ போய்ச் சேர்ந்ததும் படகை உடைத்து மரமாக விற்றுவிடுவார்கள். நீரோட்டத்தை எதிர்த்து அதைத் திருப்பி இழுத்துவருவது கட்டுப்படியாகாது. ஹங்கேரிப் பக்கம் நிலம் கிடைக்கும் என்று போனவர்களுக்கும் திரும்பும் உத்தேசம் இல்லை.

இன்று அதே ஆற்றில் எழுபதைத் தொட்ட தம்பதிகள் உல்லாசமாகப் போய்வருகிறார்கள். பல அறைகளுக்குப் பால்கனி உண்டு; அதிலும் 'பிரெஞ்சு பால்கனி' என்றால் கண்ணாடிக் கதவைத் தள்ளி, கம்பியில் கை ஊன்றி நிற்கலாம், நாற்காலி போட இடமிருக்காது. விருந்து, ஒயின், மாலையில் பியானோ எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால் சொகுசு அதிலெல்லாம் இல்லை. ஏறிய நாளில் துணிமணியை அலமாரியில் அடுக்கிவிட்டால், இறங்கும் நாள்வரை பெட்டியைத் தொட வேண்டாம். ஊர்கள்தான் வந்து வந்து போகும். மூட்டுவலிக்காரர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் இந்த நிம்மதியைக் கப்பல் கம்பெனிகள் உண்டாக்கவில்லை. ஆற்றை அடக்கியவர்கள் உண்டாக்கியது அது.

ஆஸ்திரியாவில் கிரைன் என்ற ஊருக்குக் கீழே பாறைகளும் நீர்ச்சுழல்களும் நிறைந்த ஓர் இடுக்கு இருந்தது. படகோட்டிகளுக்கு அந்த இடத்தின் பெயரைக் கேட்டாலே குலை நடுங்கும். 19-ஆம் நூற்றாண்டில் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1959-இல் கட்டி முடித்த இப்ஸ்-பெர்சன்பொய்க் அணை மிச்சத்தையும் தண்ணீருக்குள் மூழ்கடித்தது. இன்றைய பயணிகள் அந்த இடத்தைக் காபி குடித்தபடியே கடந்துவிடுகிறார்கள். நீராவிக் கப்பல் வருமுன் எதிரோட்டத்தில் படகுகளைக் குதிரைகள் இழுத்துப் போன கரைப்பாதைகளில் இப்போது சைக்கிள்கள் ஓடுகின்றன.

ரைன் நதியின் கதை வேறு. 1827-லேயே கொலோனுக்கும் மைன்ஸுக்கும் இடையே நீராவிக் கப்பல் ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டது. 1855-இல் தாமஸ் குக் இங்கிலாந்துப் பயணிகளை அந்தப் பக்கம் அழைத்துப்போனார். ஆனால் ரைனிலிருந்து டான்யூபுக்குப் பெரிய கப்பல் போக அன்று வழி கிடையாது. இரண்டையும் இணைக்க 793-இல் சார்லமேன் மன்னர் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். 1846-இல் முடிந்த லுட்விக் கால்வாயோ சிறு படகுகளுக்கு மட்டுமே போதுமானது. 1992-இல், ரைனில் கலக்கும் மைன் ஆற்றை டான்யூபோடு இணைக்கும் 171 கி.மீ. நீளமுள்ள மைன்-டான்யூப் கால்வாய் திறந்த பிறகுதான் ஆம்ஸ்டர்டாமில் ஏறி புடாபெஸ்டில் இறங்குவது சாத்தியமாயிற்று. 

அந்தக் கால்வாயில் கப்பல் மலையேறுகிறது. கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரம்வரை போய், மறுபுறம் இறங்குகிறது. இதற்காக 16 'லாக்'குகள், அதாவது கதவு போட்ட பிரம்மாண்டமான தொட்டிகள். உள்ளே நுழைந்ததும் கதவை மூடித் தண்ணீரை நிரப்பினால் கப்பல் மேலே எழும்பும். சில தொட்டிகளில் இந்த ஏற்றம் 25 மீட்டரை நெருங்கும். தொட்டியின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் 11.4 மீட்டர். பால்கனிக் கதவைத் திறந்தால் ஈரம் சொட்டும் கான்கிரீட் சுவர் ஒரு முழத்துக்குள் நிற்கும், கை நீட்டித் தொட்டுவிடலாம். பாலம் தாழ்வாக வந்தால் மேல்தளத்துக் கம்பிகளை மடக்கி, சுக்கான் அறையையே கீழே இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் மேலே யாரையும் விடமாட்டார்கள்.

கால்வாய் திறப்பதற்கு மூன்று வருஷம் முன்புதான் கம்யூனிசக் கிழக்கையும் மேற்கையும் பிரித்துவைத்த இரும்புத்திரை தகர்ந்திருந்தது. அதுவரை பிராட்டிஸ்லாவா அருகே, டேவீன் கோட்டையின் அடிவாரத்தில், டான்யூப் கரையோரம் முள்வேலி. எதிர்க்கரை ஆஸ்திரியா, தப்பப் பார்த்தவர்கள் சுடப்பட்டார்கள். இப்போது அந்த இடத்தைக் கடக்கையில் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டக்கூட அவசியமில்லை.

குறை இல்லாமல் இல்லை. துறைகளில் நெரிசல் என்பதால் கப்பல்களை ஒன்றையொன்று ஒட்டிக் கட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பால்கனிக்கு எதிரே இன்னொரு தம்பதி பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். லிஃப்ட் பல கப்பல்களில் மேல்தளம்வரை போகாது. கட்டணமும் அறைக்கு இருவர் என்ற கணக்கில்தான். துணையை இழந்தவர் தனியாக வந்தால், பல நேரங்களில் ஏறக்குறைய இருவருக்கான பணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். இது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

ஆறும் முழுக்க அடங்கிவிடவில்லை. 2018 அக்டோபரில் ரைன் கரையிலுள்ள கௌப் ஊரின் நீர்மட்ட அளவுகோல் 25 செ.மீ.க்கு இறங்கியது. 2022 ஆகஸ்டிலும் கடும் வறட்சி. இப்படிப்பட்ட சமயங்களில் சில கம்பெனிகள் ஒரு தந்திரம் செய்கின்றன. ஆழமில்லாத பகுதிக்கு அந்தப் பக்கம் ஒரே அச்சில் வார்த்தது போன்ற இன்னொரு கப்பல் நிற்கும். பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி அங்கே கொண்டுசேர்ப்பார்கள். அடுக்கிய துணிகளை எல்லாம் மறுபடி பெட்டியில் திணித்துக்கொண்டு போனால், புதுக் கப்பலிலும் அதே எண் போட்ட அறையின் சாவி கொடுப்பார்கள்.