தறிக்குப் பக்கத்தில் தூளி

ஆரணிப் பட்டு என்று கடையில் விரித்துக் காட்டும் புடவைகளில் பல, ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களின் வீட்டுத் தறிகளில் நெய்தவை. வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கும் தெள்ளார் வட்டாரமும் இந்த நெசவு மண்ணைச் சேர்ந்ததுதான். கணவன் குழித்தறியில் இறங்கினால் மனைவி தார் சுற்றுவாள், இழை அறுந்தால் முடிவாள், அவன் எழுந்ததும் அவளே தறியில் உட்காருவாள். பக்கத்தில் தூளி ஆடும்.

பார்க்கிறவர்களுக்கு இது வசதியாகத் தெரியும். தாயும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்போது பால் கொடுப்பதில் என்ன கஷ்டம் என்பார்கள். இந்த நினைப்புதான் தவறு. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். பத்து முறை, முறைக்கு அரை மணி என்று வைத்தாலும் ஐந்து மணி நேரம். கூலியோ புடவைக் கணக்கில். அவள் பால் கொடுக்கும் ஒவ்வொரு அரை மணியும் அந்த வீட்டுக் கூலியில் குறைகிறது.

“பால் பத்தலை” என்ற சொல் இங்கேதான் பிறக்கிறது. அது பெரும்பாலும் உண்மையில்லை. முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். குழந்தையின் வயிறும் அன்றைக்கு ஒரு சின்ன கோலிக்குண்டு அளவுதான். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி போதும். நோயைத் தடுக்கும் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த பால் அது. ஆனால் குழந்தை அழுததும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்கள். தெருவில் கழுதைப்பால்காரர் வந்தால் ஒரு சங்கு வாங்கிப் புகட்டுகிறார்கள். அந்தச் சின்ன வயிறு அதிலேயே நிறைந்துவிடும். குழந்தை மார்பைச் சப்பாது. சப்பினால்தான் சுரக்கும் என்பது உடம்பின் கணக்கு. சப்பாத மார்பில் பால் குறையும். மறுநாள் எல்லோரும் சேர்ந்து, “நான் அப்பவே சொன்னேனே, இவளுக்குப் பால் இல்லை” என்று தீர்ப்பு எழுதுவார்கள். அதற்கடுத்த நாள் டப்பாப் பால் வரும். பச்சை உடம்புக்காரி தன் உடம்பின் மேலேயே நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருப்பாள். கவலையும் அசதியும் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பதால், அந்தத் தீர்ப்பே பாதி நோய்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் இன்று ஆஸ்பத்திரியில்தான். அப்படியிருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் அறுபதுதான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை சுமார் ஐம்பத்தைந்து. சிசேரியன் நூற்றுக்கு நாற்பத்தைந்து என்பதும் ஒரு காரணம். ஆனால் முதுகில் மரப்பு ஊசி போட்டுச் செய்த சிசேரியனில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். பக்கத்தில் ஒருவர் குழந்தையைத் தாங்கிப் பிடித்தால் அப்போதே கொடுக்கலாம்.

டப்பாப் பாலுக்கு எதிராக நல்ல சட்டமே இருக்கிறது. 1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட அந்தச் சட்டப்படி விளம்பரம் செய்வதும், தாய்க்கு இலவச டப்பா கொடுப்பதும், டப்பா மேல் குழந்தை படம் போடுவதும் குற்றம். ஆனால் வீட்டுக்குள் எழும் “பால் பத்தலை” என்ற அந்த ஒரு சொல்லை எந்தச் சட்டமும் தடுக்காது.

வட ஆர்க்காட்டு வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. தாய்ப்பாலில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட எண்பத்தெட்டு பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரை வேறு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். பால் போதுகிறதா என்று தெரிய வேண்டுமானால் ஈரத்துணியை எண்ணுங்கள். முதல் வாரம் கழிந்தபின் நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போனால், எடையும் ஏறினால், போதுகிறது. தறியில் இறங்கியே ஆகவேண்டிய நேரத்துக்குச் சுத்தமான பாத்திரத்தில் பீச்சி மூடி வைத்து, நான்கு மணி நேரத்துக்குள் பாலாடையில் புகட்டலாம். புட்டி வேண்டாம்.

தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு பன்னிரண்டு மாதம். நியாயமான ஏற்பாடு. தறிக்காரிக்கு விடுப்பே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. அது பூண்டுக் குழம்புக்கும் பத்தியத்துக்கும் உதவும். ஆறு மாதம் தறி நிற்பதற்கு ஈடாகாது.

அந்த ஆறு மாதத்துக்கு ஒரு கூலியை அரசு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தரவேண்டும். பாவு கொடுக்கும் முதலாளிகள், பிள்ளை பெற்ற வீட்டில் அதுவரை புடவைக்குக் கெடு வைக்காமலும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமலும் இருக்கவேண்டும். மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குழந்தை அழுதால் சர்க்கரைக் கிண்ணத்தைத் தேடாதீர்கள். தார் சுற்றும் வேலையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவளைத் தூளிப் பக்கம் அனுப்புங்கள்.