மணற்கல் மலையில் விருந்தினர்

விருந்தோம்புவானின் கடமைகளைத் தமிழர் விரிவாக வகுத்துள்ளனர். விருந்தாகச் செல்பவனுக்கும் கடமைகள் உண்டு என்பதை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. காட்டில் கூடாரமிட்டு ஓரிரவு தங்குபவன் அக்காட்டின் விருந்தினனே ஆவான். அவன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்திலுள்ள ரெட் ரிவர் மலையிடுக்கின் வரலாறு தக்கதோர் பாடமாகும்.

வளைவுகள் தோன்றிய வகை

கென்டக்கியின் கிழக்குப் பகுதியில், டேனியல் பூன் தேசியக் காட்டினுள் இம்மலையிடுக்கு அமைந்துள்ளது. ரெட் ரிவர் என்னும் ஆறும் அதன் கிளையோடைகளும் மணற்கல் பீடபூமியை அறுத்துச் செங்குத்தான பாறைச் சுவர்களையும் ஆழ்ந்த பள்ளங்களையும் உண்டாக்கியுள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட இயற்கைக் கல்வளைவுகள் இங்கும் இதன் சுற்றுப்புறத்திலும் உள்ளன. அருகிலுள்ள இயற்கைப் பாலம் எனப்படும் வளைவு 78 அடி நீளமும் 65 அடி உயரமும் உடையது.

சிற்பியின் உளிபடாத இவ்வளைவுகள் எங்ஙனம் தோன்றின? ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொணர்ந்து குவித்த மணல், காலப்போக்கில் இறுகி மணற்கல் ஆயிற்று. மணலைப் பிணைக்கும் பசைபோன்ற கனிமங்கள் எல்லா இடத்திலும் ஒரே உறுதியுடன் அமையவில்லை. நீர் கசிந்து அப்பிணைப்பைக் கரைக்கிறது. குளிர்காலத்தில் பாறை வெடிப்புகளில் உறையும் நீர் விரிந்து அவற்றை மேலும் பிளக்கிறது. உறுதியற்ற அடிப்பகுதி மணலாய் உதிர, உறுதியான மேற்பகுதி கூரைபோல் எஞ்சி நிற்கிறது. இவ்வாறு தோன்றும் குடைவினைப் பாறை ஒதுக்கு என்பர். குறுகிய மலைமுகட்டின் இருபுறமும் இத்தகைய ஒதுக்குகள் குடையப்பெற்று ஒன்றோடொன்று கூடும்போது, இடையே வாயில் திறந்து வளைவு பிறக்கிறது. அதனைப் படைத்த அதே அரிப்பே ஒருநாள் அதனை வீழ்த்தவும் செய்யும்.

நீரில் மூழ்கவிருந்த நிலம்

இத்தகைய நிலம் ஒருகாலத்தில் நீரில் மூழ்கவிருந்தது. வெள்ளத் தடுப்புக்காகவும் நீர்வழங்கலுக்காகவும் ரெட் ரிவரின் குறுக்கே அணை எழுப்ப 1962ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்தோர் வெள்ளத்தால் உற்ற துயரம் மெய்யானது; அதனை மறுத்தற்கில்லை. ஆயினும் மலையிடுக்கின் பெரும்பகுதி நீர்த்தேக்கமாகிவிடும் என்பதறிந்து எதிர்ப்பு எழுந்தது. 1967 நவம்பரில் உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் இங்கு நடைப்பயணம் மேற்கொண்டு நாட்டின் கவனத்தை ஈர்த்தார். கென்டக்கி எழுத்தாளர் வெண்டெல் பெரி இம்மலையிடுக்கைப் பற்றி எழுதிய நூல் 1971இல் வெளிவந்தது. ஒரு நிலத்தைக் காப்பதில் எழுத்தாளனின் பங்கும் உண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1974இல் ஏறத்தாழ 29,000 ஏக்கர் பரப்பு நிலவியல் சிறப்புப் பகுதியாக அறிவிக்கப்பெற்றது. அணைத்திட்டம் 1975இல் கைவிடப்பட்டது. 1993இல் ஆற்றின் 19.4 மைல் நீளம் தேசியப் பாதுகாப்புப் பெற்றது.

காண வந்தோரால் வந்த கேடு

அணையினின்று தப்பிய நிலத்திற்கு அடுத்த இடர், அதனை விரும்பிக் காண வந்தோராலேயே நேர்ந்தது. மழைபடாத பாறை ஒதுக்கு, கூடாரமிட ஏற்ற இடமாகவே எவர்க்கும் தோன்றும். ஆனால் அந்த உலர்ந்த மணற்றரை ஒரு கருவூலம். 3,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடைய பயிர்விதைகள் அங்கே மட்காமல் கிடைத்துள்ளன. நம் சக்கரவர்த்திக் கீரையின் இனத்தைச் சார்ந்த ஒரு செடியைத் தொல்குடியினர் விதைக்காகப் பயிரிட்டுப் பண்படுத்தினர் என்பதை அவ்விதைகளின் மெல்லிய தோல் காட்டிக்கொடுத்தது. மேலைநாட்டார் வருகைக்கு நெடுங்காலம் முன்னரே அப்பகுதியில் உழவு தோன்றியிருந்தது என்பதற்கு அவை சான்று. ஒருவன் மூட்டும் தீயும் தோண்டும் குழியும் இச்சான்றை ஒரே இரவில் அழித்துவிடும்.

இதே தரையில், உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராத ஒரு பூஞ்செடியும் வாழ்கிறது. வெண்மயிர்ப் பொற்கோல் என அதனைத் தமிழில் அழைக்கலாம். தங்குவோரின் காலடியிலும் தீயிலும் பழம்பொருள் தேடித் தோண்டுவோர் கையிலும் சிக்கி அது நலிந்தது. 1988இல் அழிவை எதிர்நோக்கும் உயிரினப் பட்டியலில் அது சேர்க்கப்பெற்றது. வேலியிட்டும் அறிவிப்புப் பலகை நட்டும் காட்டுத்துறையினர் அதனைப் பேணினர். அதன் பயனாகச் செடி மீண்டு, 2016இல் அப்பட்டியலினின்று நீக்கப்பெற்றது. விதிகளை மதித்தால் காடு மீளும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தங்குவோர் நெறி

பாறைச் சுவரின் அடியிலிருந்தும், பாறை ஒதுக்கின் உட்சுவரிலிருந்தும் 100 அடிக்குள் கூடாரமிடவோ தீமூட்டவோ கூடாது என்பது அங்குள்ள விதி. கருங்கரடிகள் உலவும் காடாதலின், உணவைத் தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்தினின்று 4 அடி விலக்கித் தொங்கவிட வேண்டும். அன்றிக் கரடி திறக்கவியலாத கலத்தில் வைத்தல் வேண்டும். மனிதர் உணவைச் சுவைத்துப் பழகிய கரடி மனிதரை நாடி வரும். முடிவில் உயிரிழப்பது பெரும்பாலும் கரடியே. பாறை விளிம்பருகே தங்கி, இருளில் வழிதவறி வீழ்ந்து மாண்டோரும் உளர். எனவே விளிம்பைவிட்டு விலகித் தங்குவதும், விளக்கின்றி இரவில் நடவாதிருப்பதும் உயிர்காக்கும் ஒழுக்கங்களாகும்.

மனிதன் இவ்வுலகின் உரிமையாளன் அல்லன். இறைவன் ஒப்படைத்த பொருளின் பொறுப்பாளன் என்பது இஸ்லாம் கற்பிக்கும் நெறி. நம் மாணவர்கள் சுற்றுலாச் செல்லும் மலைகளும் சோலைகளும் அத்தகைய ஒப்படைப்பே. பாறையில் பெயர் பொறித்தும் பாலித்தீன் பைகளை வீசியும் திரும்புவது விருந்தினர்க்கு அழகன்று. நாம் தங்கிய இடத்தில் மறுநாள் வருபவர், அங்கு முன்னர் எவரும் தங்கவில்லை என்று எண்ணுமாறு நீங்குவோமாக.