தலையாட்டிவிடும் செக்கிங் அக்கா

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குப் போனாலும் செக்கிங் டேபிளில் இப்படி ஒருவர் இருப்பார். டீ டைமில் மற்றவர்கள் கதை பேசிச் சிரிக்க, இவர் ஓரமாக உட்கார்ந்து டம்ளரைக் காலி செய்துவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் யாருக்குக் காய்ச்சல், யார் பிள்ளைக்குப் பரீட்சை என்பது இவருக்குத்தான் தெரியும். புதுப் பெண் விட்ட பிசிரைச் சத்தமில்லாமல் வெட்டி வைப்பார். ஷிப்மென்ட் நெருங்கினால் சூப்பர்வைசர் முதலில் வந்து நிற்பதும் இவரிடம்தான். “அக்கா, இன்னிக்கு ஒன்றரை ஷிப்ட் இருந்துருங்க.” தலை தானாக ஆடிவிடும்.

இது சுபாவம், நோயல்ல

உள்முகம், வெளிமுகம் என்று மனிதர்களைப் பிரித்துக் காட்டியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். 1921இல் வந்த அவருடைய நூலை அடியொற்றி, அமெரிக்காவின் கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மயர்ஸும் 16 வகைகளை வகுத்தார்கள். அதில், அமைதியாக இருந்து மற்றவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஐ.எஸ்.எஃப்.ஜே. என்ற வகை நம் அக்காவைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். ஆனால் உளவியல் ஆய்வாளர்கள் பலர் இந்த வகைப்பாட்டை அவ்வளவாக நம்புவதில்லை; இதற்கான கேள்வித்தாளைச் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் அதே ஆள் வேறு வகைக்குப் போய்விடுவதுண்டு. ஜாதகக் கட்டம் போல இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

கூச்சமும் உள்முக சுபாவமும் ஒன்றல்ல. கூச்சக்காரருக்குப் பேசப் பயம். உள்முகக்காரர் நன்றாகவே பேசுவார். பேசியபின் கொஞ்சம் தனிமை வேண்டும். பவர் டேபிள் இரைச்சலிலிருந்து லைன் வீட்டின் ஒற்றை அறைக்குத் திரும்புபவருக்கு அது எங்கே கிடைக்கும்?

தைல பாட்டில் எத்தனை நாள் வருகிறது?

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளேயே அடக்கிக்கொள்வது உடம்பில் தெரியலாம்: கழுத்துவலி, தலைவலி, நெஞ்செரிச்சல், படுத்தும் வராத தூக்கம். கம்பெனியில் அடக்கிய கோபம் வீட்டில் பிள்ளைகள் மேல் விழும். டேபிளை விட்டு எழக்கூடாதென்று தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். தீராத வேலை அழுத்தத்தால் வரும் சோர்வையும் வேலைமேல் வரும் வெறுப்பையும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோயென்று சொல்லவில்லை, பணியிடம் சார்ந்த நிலை என்றது. நம் அக்காவோ “எனக்குத்தான் வேகம் குறைஞ்சு போச்சு” என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வார்.

மனச்சோர்வோ எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

பாதி ‘முடியாது’

ஒன்றரை ஷிப்ட்டின் அந்த அரைச் சம்பளம் பலருக்கு வீட்டு வாடகை. அதனால் ‘மறுத்துவிடுங்கள்’ என்று எழுதுவது எளிது, செய்வது கடினம். “ஏழு மணி வரைக்கும் இருக்கேனுங்க, அதுக்கு மேல ஆகாதுங்க” என்று பாதியாகச் சொல்லிப் பழகலாம். சூப்பர்வைசர்களும் ஒரே ஆளைக் கேட்காமல் முறை வைத்துக் கேட்கலாம்.

உடன் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: டேபிளில் வைத்து “என்னாச்சுங்க அக்கா?” என்று கேட்டால் “ஒண்ணுமில்லைங்க” என்றுதான் பதில் வரும். வேலை விட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போகும்போது கூடவே நடந்து கேட்டுப் பாருங்கள்.