மரவள்ளிக்கிழங்கு (உணவு)

மரவள்ளிக்கிழங்கு என்பது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த மரவள்ளிச் செடியின் வேரில் விளையும், மாவுப்பொருள் நிறைந்த கிழங்கு ஆகும். இதன் தாவரவியல் பெயர் மானிகாட் எசுகுலென்டா. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி தற்போது வெப்பமண்டல நாடுகள் பலவற்றிலும் பயிரிடப்படுகிறது. உலகில் ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கும் மேல் விளைகிறது. விளைச்சலில் நைஜீரியா முதலிடத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிகள் இதற்குப் பெயர் பெற்றவை. வாழப்பாடி, ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை வட்டாரங்களில் இது முக்கியமான பணப்பயிர்.

பச்சைக் கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள்கள் உள்ளன. ஆகவே இதை உண்ணும் மக்கள் அனைவரும் அந்த நஞ்சை நீக்க ஏதேனும் ஒரு முறையைக் கையாள்கின்றனர். இக்கட்டுரை கிழங்கின் உணவுப் பயன்பாட்டைப் பற்றியது.

பெயர்கள்

சேலம், நாமக்கல் பகுதிகளில் இது குச்சிக்கிழங்கு, குச்சிவள்ளிக்கிழங்கு எனப்படுகிறது. விதைக்குப் பதிலாகத் தண்டைக் குச்சிகளாக வெட்டி நடுவதால் இப்பெயர் பொருத்தமானதே. கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனிக்கிழங்கு என்பர். ஏழிலைக்கிழங்கு, கப்பக்கிழங்கு என்ற பெயர்களும் உண்டு. மலையாளத்தில் கப்பா, மலாய் மொழியில் உபி காயு, சிங்களத்தில் மஞ்ஞொக்கா.

சேலத்திற்கு வந்த வழி

மரவள்ளியைப் போர்த்துகீசியர் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவிற்கும், பின்னர் மலையாளக் கரைக்கும் கொண்டுவந்தனர் என்பது பொதுவான கருத்து. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா, அரிசிப் பற்றாக்குறையை ஈடுகட்ட இக்கிழங்கைப் பரப்புவதில் ஆர்வம் காட்டினார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூர் மக்களின் பசியை ஆற்றியதில் இக்கிழங்கிற்குப் பெரும் பங்கு உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் இருந்த மலாயாவிலும் இதே நிலை. அங்கு தோட்டத் தொழிலாளர்களாக இருந்த தமிழர்களும் அரிசி கிடைக்காமல் இக்கிழங்கை உண்டே நாள் கடத்தினர்.

சேலத்தில் கதை வேறு வகையில் சென்றது. உண்மையான ஜவ்வரிசி சேகோ பனையின் தண்டில் உள்ள மாவிலிருந்து செய்யப்படுவது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து இறக்குமதியானது. போரால் இறக்குமதி தடைப்படவே, 1943 அளவில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். மாணிக்கம் செட்டியார் என்ற வணிகரும், மலாயாவில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் இதன் முன்னோடிகளாகக் குறிப்பிடப்படுகின்றனர்.

அடுத்த ஆண்டே ஒரு சிக்கல் எழுந்தது. 1944ஆம் ஆண்டின் உணவுப் பஞ்சத்தில், நேரடியாக உண்ணத்தக்க கிழங்கை ஆலையில் அரைக்கலாகாது என்று மாவட்ட ஆட்சியர் தடை விதித்ததாகவும், உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டு முறையிட்டதாகவும் சேலத்துச் சேகோ தொழிலின் வரலாறு கூறுகிறது. முடிவில் ஆலைகளே நிலைத்தன. 1981இல் இத்தொழிலுக்கென சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கிழங்கில் உள்ள நஞ்சு

மரவள்ளியின் திசுக்களில் லினமாரின் என்ற பொருள் உள்ளது. இதனுடன் சிறிதளவு லோட்டாஸ்ட்ராலின் என்பதும் உண்டு. இவற்றைச் சிதைக்கும் லினமாரேசு என்ற நொதியும் அதே கிழங்கில்தான் உள்ளது. ஆனால் லினமாரின் உயிரணுவின் உள்ளே நுண்குமிழியிலும், நொதி உயிரணுச் சுவரிலும் இருப்பதால் இரண்டும் சந்திப்பதில்லை. எலியோ புழுவோ கடித்துத் திசு சிதையும்போது அவை கலக்கின்றன. ஐதரசன் சயனைடு வெளிப்படுகிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

இதே ஏற்பாடுதான் மனிதருக்கு வழியையும் காட்டுகிறது. ஐதரசன் சயனைடின் கொதிநிலை ஏறக்குறைய 26 பாகை செல்சியசு மட்டுமே. சேலத்துக் கோடைக்கு அது தானாகவே ஆவியாகிவிடும். எனவே கிழங்கைத் துருவி அல்லது அரைத்து, நொதி வேலை செய்ய நேரம் கொடுத்து, பின்பு உலர்த்தினால் நஞ்சின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. மாறாக, முழுக்கிழங்கை அப்படியே கொதிநீரில் போட்டால், வெப்பத்தில் நொதி முதலில் அழிந்துவிடும். லினமாரின் கிழங்கிலேயே தங்கிவிடும். அது நீரில் கரையக்கூடியது என்பதால், சிறு துண்டுகளாக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டுவது பயன் தரும். கிழங்கு வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

கசப்பு வகை, இனிப்பு வகை என இரு பிரிவுகள் உண்டு. ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சயனைடு உண்டாகுமானால் அது இனிப்பு வகை. கசப்பு வகையில் இதைப்போல் பல மடங்கு இருக்கலாம். மழையின்றி வாடிய பயிரில் நஞ்சு கூடும் என்பதால் வகையின் பெயரை மட்டும் நம்ப இயலாது. சதையைவிடத் தோலிலும் இலையிலும் நஞ்சு மிகுதி. மரவள்ளி இலையையோ தோலையோ மேய்ந்த ஆடுமாடுகள் இறப்பது இப்பயிர் விளையும் ஊர்களில் அறியப்பட்ட ஒன்று.

இலங்கையில் மரவள்ளிக்கிழங்குடன் இஞ்சி சேர்த்து உண்டால் நஞ்சாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நஞ்சு இஞ்சியிலிருந்து வருவதன்று; கிழங்கிலேயே உள்ளது. இஞ்சியைத் தவிர்த்துவிட்டதால் கிழங்கு பாதுகாப்பானது என்று எண்ணுவதுதான் ஆபத்து.

உலகச் சமையல்களில்

அமேசான் படுகையின் பழங்குடியினர் கசப்புக் கிழங்கைத் துருவி, திப்பிட்டி என்ற நீண்ட பின்னல் குழாயில் அடைத்து இழுத்துப் பிழிகின்றனர். பிழிந்த மாவு வறுக்கப்பட்டு ஃபரீன்யா ஆகிறது. பிரேசிலில் சோற்றின் மேலும் பீன்சின் மேலும் இதைத் தூவி உண்பர். பிழிந்த மஞ்சள் சாற்றையும் வீணாக்குவதில்லை. அதை நெடுநேரம் காய்ச்சி துக்குப்பி என்ற குழம்பாக்குகின்றனர். மனிசோபா என்ற உணவிற்கு அரைத்த இலையை ஏறத்தாழ ஒரு வாரம் வேகவைப்பர். கரிபியப் பகுதியின் காசாபே என்ற மெல்லிய அடையும் பிழிந்த மாவில் செய்யப்படுவதே. அதைச் செய்யும் மரபு, மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டு ஆட்டியேகே செய்யும் கலையோடு, 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நைஜீரியா, கானா முதலிய நாடுகளில் துருவிய கிழங்கைச் சாக்கில் கட்டி மேலே கனத்தை ஏற்றிச் சில நாள்கள் புளிக்கவிட்டு, பின் வறுத்து கரி என்ற குறுணையாக்குகின்றனர். இந்தோனேசியாவில் அவித்த கிழங்கைப் புளிக்க வைத்து தாப்பே செய்வர். தைவானில் தோன்றிய குமிழித் தேநீரில் மிதக்கும் கரிய உருண்டைகளும் மரவள்ளி மாவே.

தமிழர் சமையலில் நொதிக்க வைக்கும் வழக்கம் அரிது. இனிப்பு வகையையே பெரிதும் நம்பியுள்ளோம். உப்பிட்டு அவித்துத் தின்பதே எளிய முறை. துருவி அடை, புட்டு செய்வதும், தாளித்துப் பொரியலாக்குவதும், மெல்லியதாகச் சீவி எண்ணெயில் வறுப்பதும் உண்டு. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் மீன் குழம்புடன் உண்பர். யாழ்ப்பாணத்தின் ஒடியல் கூழில் மரவள்ளித் துண்டுகளும் சேரும். மீனோடு உண்ணும் வழக்கம் சுவைக்காக ஏற்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் கிழங்கில் இல்லாத புரதத்தை அதுவே தருகிறது.

ஊட்டச்சத்து

100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 160 கிலோகலோரி ஆற்றலும், 38 கிராம் மாவுச்சத்தும், 20 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி-யும் உள்ளன. புரதம் 1.4 கிராம் மட்டுமே. ஜவ்வரிசியில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். காய்ச்சல் கண்டவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பது எளிதில் செரிக்கும் என்பதற்காகத்தான். அதையே குழந்தைக்கு முழு உணவாகக் கொள்ளலாகாது. இலையில் புரதம் மிகுதி. காங்கோவில் நன்கு இடித்து வேகவைத்து நாள்தோறும் கீரையாக உண்கின்றனர். தமிழ்நாட்டில் இலையை உண்பதில்லை.

புரதக் குறைவும் நஞ்சும் தனித்தனிச் சிக்கல்கள் அல்ல. உடல் சிறிதளவு சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அதற்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் வேண்டும். அவை புரத உணவிலிருந்து வருபவை. கிழங்கைத் தவிர வேறெதுவும் கிடைக்காதவருக்கு நஞ்சும் மிகுதி, மாற்று மருந்தும் இல்லை. இந்நிலையில் வரும் நோய் கொன்சோ எனப்படும். இரு கால்களும் திடீரென விறைத்து, பின்னர் மீள்வதில்லை. 1938இல் பெல்சியக் காங்கோவில் பணியாற்றிய மருத்துவர் திரோலி இதனை விவரித்தார். யாக்கா மொழியில் இச்சொல்லுக்குக் கட்டுண்ட கால்கள் என்பது பொருள். 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாநிலத்தில் வறட்சியால் பிற பயிர்கள் பொய்த்தபோது, கசப்புக் கிழங்கைப் போதிய நாள் உலர்த்தாமல் உண்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்டு பிராட்பரி இதற்கு எளிய முறை ஒன்றை வகுத்தார். மாவை நீரில் பிசைந்து மெல்லிய படலமாகப் பரப்பி, நிழலில் ஐந்து மணி நேரமோ வெயிலில் இரண்டு மணி நேரமோ வைத்தால் போதும். எஞ்சிய சயனைடு வெளியேறிவிடும். காங்கோவின் சிற்றூர்களில் இம்முறை கற்பிக்கப்பட்டு, புதிய கொன்சோ நோயாளிகள் தோன்றுவது அங்கு நின்றது.

சமைப்போர் கவனிக்க வேண்டியவை

பழுப்பு நிற மேல்தோலுடன் அதன் கீழுள்ள தடித்த பட்டையையும் உரித்தெடுக்க வேண்டும். சிறு துண்டுகளாக நறுக்கி, சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் நிறைய நீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். வாயில் வைத்ததும் கசந்தால் உண்ணலாகாது. தோண்டிய இரண்டு மூன்று நாள்களில் கிழங்கினுள் கருநீலக் கோடுகள் தோன்றிக் கெடத் தொடங்கும். தொலைதூரக் காய்கறிக் கடைகளில் இதைக் காண்பது அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சேலம், நாமக்கல் வட்டாரத்திற்கு மேலும் ஒரு குறிப்பு தேவை. இங்கு ஆலைகள் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் கணக்கில் விலை தருகின்றன. ஆகவே உழவர் நடுவது மாவு மிகுந்த வகைகளையே. திருவனந்தபுரத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச்-165, எச்-226 ஆகியவை இத்தகையவை. மலாயாவிலிருந்து வந்த எம்-4 போன்றவை சமையலுக்கு ஏற்றவை. ஆலைக்கெனப் பயிரான கிழங்கைப் பிடுங்கிவந்து அவிப்பவர் எவ்வகை என்று கேட்டறிவது நல்லது.

ஆலையில் கிழங்கு நீருடன் அரைபட்டு, மாவு தொட்டிகளில் படிந்து, உருண்டையாக்கி வறுபட்டு அல்லது ஆவியில் வெந்து, வெயிலில் காய்வதற்குள் நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஆவியில் வேகவைத்தது நைலான் ஜவ்வரிசி. நார்ச்சக்கையான திப்பி மாட்டுத் தீவனமாகிறது. நஞ்சு கரைந்த கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் சுற்றுப்புற நீர்நிலைகள் கெடும். அதிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகளும் உள்ளன. இவ்வாறு உருவான ஜவ்வரிசியைப் பெருமளவில் வாங்குவோர் மகாராட்டிரம் முதலிய வடமாநிலத்தவர். தானியம் உண்ணாத நோன்பு நாள்களில் அவர்கள் செய்யும் கிச்சடிக்கு இதுவே அடிப்படை. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலப்பதாகச் சேலத்தில் அவ்வப்போது எழும் புகாருக்கு இங்கு தனிப் பொருளுண்டு. மக்காச்சோளம் தானியம் அல்லவா.

மாவுப்பூச்சியும் குளவியும்

2020இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் வயல்களிலும் பரவி நுனிக்குருத்துகளைச் சுருங்கச் செய்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவிற்குள் புகுந்து பல கோடி மக்களின் உணவை அச்சுறுத்தியது. பூச்சியின் தாயகத்திலேயே, பராகுவேயில், அதனுள் முட்டையிட்டுக் கொல்லும் அனாகிரசு லோபெசி என்ற சிறு குளவி கண்டறியப்பட்டு 1981 முதல் ஆப்பிரிக்காவில் பரப்பப்பட்டது. அப்பணியை வழிநடத்திய ஹான்சு ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதே குளவியை 2021இல் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. அது 2022 மார்ச்சில் வயலில் விடப்பட்ட இடம், வாழப்பாடிக்குக் கிழக்கே ஏத்தாப்பூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். ஒரே குடும்பத்துச் செடிகள் இரண்டிற்கும் ஒரே நிலையம் அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். இப்பூச்சிக்கு மருந்து அடிப்பது பயன் குறைந்தது. அதன் உடலை மூடியிருக்கும் வெண்மெழுகு மருந்தைத் தடுத்துவிடும். அடித்த மருந்தில் குளவி மடியும்.