ஹனுக்கா விளக்கும் ஒளியின் பொருளும்

யூதர்தம் விழாக்களுள் ஹனுக்கா என்பது கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாள் நிகழ்வது. எபிரேய மொழியில் அச்சொல் 'இறைவனுக்கு உரிமையாக்கல்' எனப் பொருள்படும். ஒளியைக் குறிக்கும் கூறு அதில் இல்லை. அங்ஙனமாயின், விளக்கேற்றுதல் அவ்விழாவின் உயிராயது எவ்வாறு? அவ்வொளிக்குச் சமயச் சான்றோர் கண்ட பொருள் யாது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

செலூக்கிய வேந்தன் நான்காம் அந்தியோக்கஸ் கி.மு. 167இல் எருசலேம் கோயிலைத் தீட்டுப்படுத்தினான். யூதா மக்கபேயுவின் தலைமையில் போரிட்டோர் கி.மு. 164இல் அதனை மீட்டுப் புதிய பலிபீடம் அமைத்தனர். மக்கபேயர் முதல் நூல் கோயில் விளக்கேற்றியதையும் கூறுகின்றது. எனினும் அது பல செயல்களுள் ஒன்றே. எட்டு நாள் கொண்டாட்டம் பலிபீடத்திற்கு உரியதாகவே ஆங்குப் பேசப்படுகின்றது. இரண்டாம் நூலோ, கூடாரப் பெருவிழா நாள்களை மலைகளிலும் குகைகளிலும் கழித்ததை நினைந்து, அவ்விழாவைப் போன்றே எட்டு நாள் மகிழ்ந்தனர் என்னும். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஜொசீபஸ் 'ஒளிகள்' என்னும் பெயரைத் தருகின்றார். ஆயினும், எதிர்பாராது வாய்த்த உரிமையே அப்பெயர்க்குக் காரணமாகலாம் என்று அவர் உய்த்துணர்கின்றார்.

ஒரு நாளைக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்னும் வியத்தகு செய்தி மேற்கூறிய நூல்களில் இல்லை. தலைமைக் குருவின் முத்திரை சிதையாத ஒரே குப்பி கிடைத்த அக்கதையைப் பாபிலோனியத் தால்மூதே விரித்துரைக்கின்றது. கோயிலோ கி.பி. 70இல் உரோமரால் அழிந்துபட்டது. பலிபீடத்தை இல்லத்தில் அமைத்தல் இயலாது; விளக்கை ஏற்றலாம். கோயிலை இழந்த மக்கள் கோயில் விழாவைத் தம் வாயிலுக்குக் கொணர்ந்த வழி இதுவே என்பது எம் துணிபு.

ஏற்றும் முறையிலும் கருத்து வேறுபாடு இருந்தது. சம்மாய் வழியினர் எட்டில் தொடங்கி நாளுக்கொன்றாகக் குறைத்தனர். இல்லேல் வழியினர் ஒன்றில் தொடங்கிக் கூட்டினர். புனிதச் செயல்களில் ஏறுதலன்றி இறங்குதல் ஆகாது என்பது பின்னவர்க்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதுவே நிலைத்தது.

இனி, ஒளியின் பொருளை உணர்த்துவது மற்றொரு விதியாகும். அவ்விளக்கின் ஒளியில் காசு எண்ணலாகாது என்றனர். விளக்கில் புனிதம் உறைகின்றதோ என்று சாமுவேல் என்னும் சான்றோர் வினவினார். நல்ல வினா! அதற்கு ரப் யோசேப்பு ஓர் ஒப்புமை காட்டினார். அறுத்த பறவையின் குருதியை மண்ணால் மூடுக என்பது மறைவிதி. குருதியில் புனிதம் இல்லை; ஆயினும் காலால் மண்ணைத் தள்ளி மூடலாகாது, கையாலேயே மூடுதல் வேண்டும்; கட்டளை இழிவுறலாகாது என்பதே கருத்து. விளக்கும் அத்தகையதே. எனவே இவ்விளக்கு வழிபாட்டுப் பொருளும் அன்று, பயன்பாட்டுப் பொருளும் அன்று. விளக்கைக் கொண்டு பிறவற்றைக் காண்பது உலகியல். ஒளி கண்ணிற்குத் துணையாகித் தான் மறைந்துவிடும். ஈண்டோ ஒளியையே காணுதல் வேண்டும். தற்செயலாக அதன் பயனைக் கொண்டுவிடாதிருத்தற்பொருட்டே 'சமாஷ்', அதாவது ஏவலன், எனப்படும் தனி விளக்கு உடன் வைக்கப்படுகின்றது.

காணப்படுதலே நோக்கமாதலின், வீட்டு வாயிலின் புறத்தே அதனை வைத்தல் முறையாயிற்று. இடர் மிக்க காலத்தில் உள்ளே மேசைமேல் வைப்பினும் அமையும் என்று தால்மூது இசைகின்றது. அவ்வொரு தொடரில் ஒரு மக்களின் துயர வரலாறு அடங்கியுள்ளது.

வறியோன் ஒருவனிடம் ஒரு விளக்கிற்கே எண்ணெய் உளது. ஹனுக்கா விளக்கை ஏற்றுவதா, ஓய்வுநாள் இரவில் இல்லத்தார்க்கு ஒளிதரும் விளக்கை ஏற்றுவதா? கி.பி. நான்காம் நூற்றாண்டினரான ராவா, இல்லத்தின் அமைதி கருதி வீட்டு விளக்கே முந்தியது என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டினரான மைமோனிடீஸ், உண்பதற்கு வழியில்லாதவனும் இரந்தேனும் ஆடையை விற்றேனும் எண்ணெய் வாங்கி ஹனுக்கா விளக்கை ஏற்றுக என விதித்தவர். அவரே அப்பகுதியை முடிக்குமிடத்து ராவாவின் தீர்ப்பை வழிமொழிந்து, உலகில் அமைதி விளைத்தற்கே மறை அருளப்பட்டது என்று காரணமும் கூறியுள்ளார்.